லிட்டருக்கு 60 கி.மீ.யா, 6 கி.மீ.யா? பிளக்-இன் ஹைபிரிட் காரின் மைலேஜ் ரேட்டிங்கைப் படிப்பது எப்படி?

ஒரே கார். ஐரோப்பாவில் அதன் பிரோஷரைப் பார்த்தால் 100 கி.மீ.க்கு சுமார் 1.6 லிட்டர் பெட்ரோல்தான் செலவாகும் என்று போட்டிருந்தது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு 60 கி.மீ.க்கு மேல். அதே கார் அமெரிக்காவுக்குப் போனதும், பெட்ரோலில் மட்டும் ஓடினால் ஒரு கேலனுக்கு 14 மைல் என்று அங்குள்ள அரசு ரேட்டிங் சொன்னது. அதாவது லிட்டருக்கு வெறும் 6 கி.மீ.

அந்த கார், 2022-ல் அறிமுகமான பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 2,700 கிலோ எடை. இந்தியாவிலும் விற்பனைக்கு வந்த பிளக்-இன் ஹைபிரிட் இது.

பத்து மடங்கு வித்தியாசம் எப்படி வந்தது? இரண்டில் எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில். அந்தக் கேள்விகள் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா, எந்த பிளக்-இன் ஹைபிரிட் காரின் ரேட்டிங்கையும் நீங்களே படிச்சுடலாம். வாங்க பார்க்கலாம்.

பிளக்-இன் ஹைபிரிட் என்றால் என்ன?

சாதாரண ஹைபிரிட் காரில் சின்ன பேட்டரி இருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் அதுவே சார்ஜ் ஆகிக்கொள்ளும். வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க முடியாது.

பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி பெரிது. வீட்டு பிளக்கில் மாட்டி சார்ஜ் போடலாம். ஃபுல் சார்ஜ் இருந்தால் பல மாடல்கள் 50 முதல் 100 கி.மீ. வரை கரண்டிலேயே ஓடும். சார்ஜ் தீர்ந்ததும் பெட்ரோல் இன்ஜின் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு அது ஒரு சாதாரண ஹைபிரிட் கார்தான். ஆனால் ஒரு பெரிய பேட்டரியின் எடையையும் சேர்த்துச் சுமக்கும் ஹைபிரிட்.

ஆக, இந்த காருக்கு இரண்டு வாழ்க்கை. சார்ஜ் இருக்கும்போது ஒன்று, சார்ஜ் தீர்ந்தபின் இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்ப்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

அந்த 1.6 லிட்டர் எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் 2017-ல் இருந்து டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனை முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி, சுமார் 23 கி.மீ. தூரத்துக்கு 30 நிமிடம் ஓட்டுவார்கள். மெதுவான நகரப் பயணத்தில் தொடங்கி மணிக்கு 131 கி.மீ. வேகம் வரை போகும்.

பிளக்-இன் ஹைபிரிட் என்றால் சோதனை இரண்டு பகுதி. முதலில் ஃபுல் சார்ஜில் தொடங்கி, பேட்டரி தீரும்வரை அதே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பிறகு பேட்டரி தீர்ந்த நிலையில் ஓட்டி, எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று பார்ப்பார்கள்.

இதுவரை எல்லாம் நேரடியான அளவீடு. அடுத்த படியில்தான் ஒரு அனுமானம் உள்ளே வருகிறது. இந்த காரை வாங்குபவர் மொத்த தூரத்தில் எத்தனை சதவீதத்தை சார்ஜில் ஓட்டுவார்? அதற்கு ஒரு விகிதத்தை விதிமுறையே முடிவு செய்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ‘யூட்டிலிட்டி ஃபேக்டர்’ என்பார்கள். நாம் ‘சார்ஜ் பங்கு’ என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடும் தூரம் அதிகமாக அதிகமாக, இந்தப் பங்கும் ஏறும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு கார் ஃபுல் சார்ஜில் 60 கி.மீ. போகும். சார்ஜ் தீர்ந்தால் 100 கி.மீ.க்கு 7 லிட்டர் பெட்ரோல், அதாவது லிட்டருக்கு சுமார் 14 கி.மீ. தரும். 60 கி.மீ. ஓடும் காருக்கு ஐரோப்பாவின் பழைய சூத்திரம் கொடுத்த சார்ஜ் பங்கு சுமார் 80 சதவீதம். அப்போ பெட்ரோலில் ஓடுவது மீதி 20 சதவீத தூரம் மட்டும்தான். 7 லிட்டரில் 20 சதவீதம் என்றால் 1.4 லிட்டர்.

பிரோஷரில் ‘100 கி.மீ.க்கு 1.4 லிட்டர்’ என்று வந்துவிடும். நம்ம கணக்கில் லிட்டருக்கு 71 கி.மீ.! இன்ஜின் மாறவில்லை. அது இன்னமும் லிட்டருக்கு 14 கி.மீ. தரும் இன்ஜின்தான்.

இன்னொன்றும் கவனிக்கணும். அந்த 1.4 லிட்டரோடு சேர்ந்து கரண்டும் செலவாகிறது. 100 கி.மீ.க்கு 16 யூனிட் என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். பெட்ரோலும் கரண்டும் சேர்ந்துதான் அந்த 100 கி.மீ. கரண்டை விட்டுவிட்டு பெட்ரோலை மட்டும் வைத்து ‘லிட்டருக்கு இவ்வளவு’ என்று சொன்னால் அது பாதிக் கணக்கு. எக்ஸ்.எம். காரிலும் அந்த 1.6 லிட்டரோடு 100 கி.மீ.க்கு கிட்டத்தட்ட 30 யூனிட் கரண்ட் சேர்ந்தே இருந்தது.

ரோட்டில் நடந்தது என்ன?

80 சதவீத தூரத்தை மக்கள் நிஜமாகவே சார்ஜில் ஓட்டினால் பிரச்சினையே இல்லை. ஓட்டினார்களா?

ஐரோப்பாவில் 2021 முதல் விற்கப்படும் புதிய கார்களில், எவ்வளவு எரிபொருள் செலவானது என்பதைப் பதிவு செய்யும் கருவி கட்டாயம். 6 லட்சத்துக்கும் அதிகமான கார்களின் பதிவுகளை ஆராய்ந்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஒரு அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் ரேட்டிங்கில் சொன்னதைவிட சுமார் 20 சதவீதம் அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டன. பிளக்-இன் ஹைபிரிட் கார்களோ, சொன்னதைப் போல 3.5 மடங்கு வெளியிட்டன.

காரணம் என்ன என்பதற்கு 2022-ல் வந்த ஒரு ஆய்வு விடை சொல்கிறது. சர்வதேச தூய்மைப் போக்குவரத்து கவுன்சிலும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் சேர்ந்து ஐரோப்பாவில் நடத்திய ஆய்வு அது. சொந்தக் காசில் கார் வாங்கியவர்கள் மொத்த தூரத்தில் 45 முதல் 49 சதவீதத்தை கரண்டில் ஓட்டினார்கள். ஆனால் கம்பெனி கொடுத்த காரை ஓட்டியவர்கள்? வெறும் 11 முதல் 15 சதவீதம்தான். 100 கி.மீ.க்கு 1.6 அல்லது 1.7 லிட்டர் என்று ரேட்டிங் சொன்ன இடத்தில், கம்பெனி கார்கள் 7.6 முதல் 8.4 லிட்டர் வரை குடித்தன.

ஏன் இப்படி? யோசிச்சுப் பார்த்தா ரொம்ப எளிமையான விஷயம். கம்பெனி காருக்கு பெட்ரோல் கார்டு கம்பெனி கொடுக்கிறது. வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில் ஊழியர் தலையில். எதைச் செய்வார்கள்? பிரிட்டனில் 2018-ல் 1,500 கம்பெனி கார்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, சில காரில் சார்ஜிங் கேபிள் உறைகூடப் பிரிக்காமல் டிக்கியில் கிடந்ததாகச் செய்தி வந்தது. ரேட்டிங் குறைவாக இருந்ததால் அந்த கார்களுக்கு வரிச் சலுகை கிடைத்தது. சார்ஜ் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

விஷயம் வெறும் மைலேஜோடு நிற்கவில்லை. பல நாடுகளில் மானியம், சாலை வரி, கம்பெனிகளுக்கான மாசு இலக்கு எல்லாம் இந்த ஒரே எண்ணை நம்பித்தான் இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் மானியம் கொடுத்து வாங்கிய கார், சாதாரண பெட்ரோல் கார் மாதிரியே ஓடியது. பிரிட்டன் 2018-லும், ஜெர்மனி 2022 இறுதியிலும் பிளக்-இன் ஹைபிரிட்டுக்கான கொள்முதல் மானியத்தை நிறுத்தின.

ஐரோப்பா இப்போ என்ன செய்கிறது?

முதல் வேலையாக, சார்ஜ் பங்கைக் குறைத்துவிட்டார்கள். நம் உதாரணத்தில் வந்த 60 கி.மீ. காரையே எடுத்துக்கொள்வோம். பழைய சூத்திரத்தில் சுமார் 80 சதவீதம். புதிய சூத்திரத்தில் சுமார் பாதி. புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு 2025 ஜனவரி முதலும், விற்கப்படும் எல்லா புதிய கார்களுக்கும் 2026 ஜனவரி முதலும் இது பொருந்தும் என்று விதி சொல்கிறது. அடுத்த கட்டமாக 2027-28-ல் இன்னும் குறைத்து, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவருவதும் விதியில் எழுதப்பட்டிருக்கு. ஜெர்மன் கார் உற்பத்தியாளர்கள் இந்த இரண்டாவது கட்டத்தை எதிர்க்கிறார்கள்.

பாதிப்பு எவ்வளவு என்று பார்க்க ஒரு நிஜ உதாரணம்: பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 பிளக்-இன் ஹைபிரிட். பழைய கணக்கில் கி.மீ.க்கு 45 கிராம் கார்பன் டை ஆக்சைடு. புதிய கணக்கில் 96 கிராம். காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. மாறியது அனுமானம் மட்டும்தான்.

இரண்டாவது மாற்றத்தைச் செய்தது ஜெர்மனி. நம்ம ஊரில் ஃபிரிட்ஜ், ஏசியில் ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுவது போல, அங்கே ஷோரூமில் நிற்கும் புதிய காரில் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை வகைப்படுத்திய ஸ்டிக்கர் இருக்கும். கி.மீ.க்கு பூஜ்யம் கிராம் என்றால் ‘ஏ’. 95 கிராம் வரை ‘பி’. 175 கிராமைத் தாண்டினால் கடைசி வகையான ‘ஜி’.

2024-ல் இந்த ஸ்டிக்கரைத் திருத்தினார்கள். அதன்படி பிளக்-இன் ஹைபிரிட் காருக்கு ஒரு எழுத்து போதாது, இரண்டு எழுத்து போடணும். ஒன்று, சார்ஜ் பங்கைச் சேர்த்த சராசரிக்கு. இன்னொன்று, பேட்டரி தீர்ந்த நிலைக்கு. சராசரியில் ‘பி’ வாங்கும் கார், பக்கத்திலேயே ‘எஃப்’ அல்லது ‘ஜி’ என்று காட்டலாம். சார்ஜ் போடாவிட்டால் இந்த கார் என்ன ஆகும் என்பது வாங்கும் இடத்திலேயே கண்ணில் படும்.

அமெரிக்கா வேறு வழி

அமெரிக்காவில் இந்தக் குழப்பம் முன்பே வந்து போனது. 2009 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், வரப்போகும் தன் செவ்ரோலே வோல்ட் கார் நகரத்துக்குள் கேலனுக்கு 230 மைல் தரும் என்று அறிவித்தது. லிட்டருக்கு கிட்டத்தட்ட 98 கி.மீ.! அப்போது வரைவு நிலையில் இருந்த ஒரு கணக்கு முறையை வைத்துச் சொன்ன எண் அது. 2010 நவம்பரில் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்த இறுதி ரேட்டிங்கில், பெட்ரோலில் மட்டும் ஓடினால் 37 மைல். லிட்டருக்கு சுமார் 16 கி.மீ.

இப்போது அங்கே பிளக்-இன் ஹைபிரிட் ஸ்டிக்கரில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் கரண்டில் ஓடும்போது கிடைப்பது, இன்னொன்றில் பெட்ரோலில் மட்டும் ஓடும்போது கிடைப்பது. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 2021 டொயோட்டா ராவ்4 பிரைம் காரில் கரண்டுக்கு 94, பெட்ரோலுக்கு 38, சார்ஜில் ஓடும் தூரம் 42 மைல் என்று இருந்தது.

அந்த 94-ன் அலகு ‘எம்.பி.ஜி.இ.’. பெட்ரோலுக்குச் சமமான மைலேஜ் என்று பொருள். ஒரு அமெரிக்க கேலன் பெட்ரோலில் உள்ள ஆற்றல் 33.7 யூனிட் கரண்டுக்குச் சமம் என்பதுதான் இதன் அடிப்படை. நம்ம அளவில் ஒரு லிட்டர் பெட்ரோல் என்றால் சுமார் 8.9 யூனிட். 33.7 யூனிட் கரண்டில் கார் 94 மைல் போகும் என்பதுதான் அந்த எண் சொல்வது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எம்.பி.ஜி.இ. ஆற்றலைத்தான் ஒப்பிடுகிறது, காசை ஒப்பிடவில்லை. 8.9 யூனிட் கரண்டும் ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரே விலையா? ஊருக்கு ஊர் மாறும். வீட்டில் சார்ஜ் போடுவதற்கும் ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜரில் போடுவதற்கும்கூட விலை வேறு. அதனால் பில் எவ்வளவு வரும் என்று தெரிய ‘100 கி.மீ.க்கு எத்தனை யூனிட்’ என்ற எண்தான் உதவும்.

‘2,100 கி.மீ. ஓடும் கார்’ என்ற செய்தி?

2024 மே மாதம் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் புதிய ஹைபிரிட் தொழில்நுட்பத்தை அறிமுகம் செய்தபோது, 2,100 கி.மீ. ஓடும் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஃபுல் டேங்க் பெட்ரோலும் ஃபுல் சார்ஜும் சேர்ந்து கிடைக்கும் மொத்த தூரம் அது. டேங்க் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தும் இந்த எண் மாறும். அதனால் இதை வைத்து மைலேஜை ஒப்பிட முடியாது.

அதே நிகழ்ச்சியில் சொன்ன இன்னொரு எண்தான் பயனுள்ளது. பேட்டரி தீர்ந்த நிலையில் 100 கி.மீ.க்கு 2.9 லிட்டர். நாம் கேட்க வேண்டிய கேள்விக்கான பதில் இதுதான். ஆனால் எந்தச் சோதனை என்று பார்க்கணும். அது என்.இ.டி.சி. முறையில் எடுத்த எண். ரோட்டு நிலவரத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஐரோப்பா கைவிட்ட, மென்மையான பழைய சோதனை. ஒரு சோதனையின் எண்ணை இன்னொரு சோதனையின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.

உங்க கணக்கை நீங்களே போடுங்க

இதற்குத் தேவை நான்கு எண்கள்தான். சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும், சார்ஜில் 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட், பேட்டரி தீர்ந்தபின் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர், நீங்க தினமும் ஓட்டும் தூரம் எவ்வளவு.

நம் உதாரண காரையே எடுத்துக்கலாம். சார்ஜில் 60 கி.மீ., 100 கி.மீ.க்கு 20 யூனிட், பேட்டரி தீர்ந்தால் 7 லிட்டர். கணக்குக்கு ஒரு யூனிட் 8 ரூபாய், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 40 கி.மீ. வீதம் 25 நாள் ஓட்டினால் மாதம் 1,000 கி.மீ.

• பிரோஷர் கணக்குப்படி: 14 லிட்டர் பெட்ரோல், 160 யூனிட் கரண்ட். செலவு 2,680 ரூபாய்.

• தினமும் ராத்திரி சார்ஜ் போட்டால்: 200 யூனிட் கரண்ட் மட்டும். செலவு 1,600 ரூபாய்.

• சார்ஜே போடாவிட்டால்: 70 லிட்டர் பெட்ரோல். செலவு 7,000 ரூபாய்.

பார்த்தீங்களா? தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு பிரோஷர் சொன்னதைவிடக் குறைவாகவே செலவாகிறது. சார்ஜ் போடாதவருக்கு இரண்டரை மடங்குக்கும் அதிகம். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் ஒரு சாதாரண ஹைபிரிட் வாங்கியிருந்தால் அவருக்கு 5,000 ரூபாயில் முடிந்திருக்கும். அதுவும் காருக்கே குறைவான விலை கொடுத்து.

நீண்ட பயணம் என்றால்? 450 கி.மீ. நெடுஞ்சாலைப் பயணத்தில் முதல் 60 கி.மீ. கரண்டில் போகும். மீதி 390 கி.மீ.க்கு 27 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். மொத்த தூரத்துக்குப் பார்த்தால் லிட்டருக்கு 16.5 கி.மீ. ‘71 கி.மீ. மைலேஜ்’ என்று நினைத்து வாங்கியவருக்கு முதல் வெளியூர்ப் பயணத்திலேயே அதிர்ச்சிதான்.

இவையெல்லாம் சோதனை எண்களை வைத்துப் போட்ட கணக்கு. ஏசி, வேகம், மேட்டுப் பாதை எல்லாம் சேர்ந்தால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடலாம். பல மாடல்களில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் சார்ஜ் இருக்கும்போதே பெட்ரோல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும்.

இந்தியாவில் நமக்கு இது ஏன் முக்கியம்?

இங்கே பிளக்-இன் ஹைபிரிட் இன்னும் கோடீஸ்வரர்களின் கார்தான். முழு மின்சார காருக்கு உள்ள 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இதற்குக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கார் நிறுவனமும் தான் விற்கும் கார்களின் சராசரி மாசை ஒரு அளவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற ‘கஃபே’ விதி இங்கே உண்டு. அந்தக் கணக்கில் ஒரு பிளக்-இன் ஹைபிரிட் விற்றால் அதை 2.5 காராக எண்ணிக்கொள்ளும் சலுகையும் உண்டு. குறைந்த விலை மாடல்கள் வரும் நாளில், வாங்குபவருக்கு மட்டுமில்லை, விதி எழுதும் அரசுக்கும் ஐரோப்பாவின் இந்த அனுபவம் உதவும்.

ஷோரூமில் கேட்க வேண்டியவை

1. பேட்டரி தீர்ந்த நிலையில் மைலேஜ் எவ்வளவு? ‘சராசரி வேண்டாம், இதைச் சொல்லுங்க’ என்று கேளுங்க.

2. 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் கரண்ட்?

3. இந்த எண்கள் எந்தச் சோதனையில் எடுத்தவை?

4. கடைசிக் கேள்வி உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது. கார் நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கா? தினமும் மறக்காம சார்ஜ் போடுவீங்களா?

நான்காவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், நகரத்துக்குள் ஓட்டவும் எப்போதாவது வெளியூர் போகவும் பிளக்-இன் ஹைபிரிட் நல்ல தேர்வுதான். ‘இல்லை’ என்றால், பிரோஷரில் எத்தனை பெரிய எண் இருந்தாலும் அது உங்களுக்கான மைலேஜ் இல்லை.